இங்கே வண்டி நிறுத்தலாமா? – ஒரு போர்டின் நூறாண்டுக் கதை

நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன் பகுதியில் கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை, காலை மணி 9:40. அதிசயமாக ஓர் இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் மூன்று போர்டுகள்.

முதல் போர்டு: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் 10 வரை சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகள் தவிர வேறு எதுவும் நிற்கக் கூடாது. இரண்டாவது போர்டு: செவ்வாய், வெள்ளி காலை 9 முதல் 10:30 வரை தெரு பெருக்குவதால் பார்க்கிங் கிடையாது. மூன்றாவது போர்டு, பச்சை எழுத்தில்: காலை 10 முதல் இரவு 7 வரை ஒரு மணி நேரம் காசு போட்டு நிறுத்தலாம்.

இப்போது நிறுத்தலாமா? கூடாது. சரி, இருபது நிமிடம் காத்திருந்து 10 மணிக்கு நிறுத்தலாமா? பச்சை போர்டு "நிறுத்தலாம்" என்கிறது. முதல் போர்டின் தடையும் முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது போர்டின்படி அப்போதும் கூடாது, ஏனென்றால் இன்று செவ்வாய். 10:30க்குப் பிறகுதான் நிறுத்த முடியும். அதுவும் ஒரு மணி நேரம்தான்.

இது உதாரணத்துக்காகச் சொன்ன கம்பம்தான். ஆனால் இதைவிட மோசமான கம்பங்கள் அமெரிக்க நகரங்களில் ஏராளம். மூன்று போர்டிலும் பொய் என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாகத்தான் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் வேலையைத்தான் ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது! கணக்கு தப்பினால் அபராதம். 2010களின் நடுவில் நியூயார்க் மாநகரம் பார்க்கிங் அபராதமாக மட்டும் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆகவே இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தப் போர்டுகள் எப்படி இவ்வளவு குழப்பமாயின? தெளிவாக்க யார் யார் என்ன செய்தார்கள்?

போர்டு இல்லாத காலம்

மோட்டார் கார் பெருகுவதற்கு முன்பே நியூயார்க் தெருக்களில் நெரிசல் இருந்தது. குதிரை வண்டிகள்தான் காரணம். வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ என்ற செல்வந்தர் இதற்காக விதிகள் எழுதினார். 1903இல் நியூயார்க் நகரம் அவற்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து விதிகளின் தந்தை என்று அமெரிக்கர்கள் சொல்லும் இந்த மனிதர் கடைசிவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது ஒரு வேடிக்கை! அவருடைய விதிகள் துண்டுப் பிரசுரமாக அச்சடிக்கப்பட்டு வண்டிக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. அதாவது விதி தெருவில் எழுதப்படவில்லை, வண்டிக்காரர் கையில் இருந்தது. ஊர் முழுவதற்கும் ஒரே விதி என்பதால் அது போதுமானதாக இருந்தது.

கார்கள் பெருகியதும் இந்த எளிமை போய்விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1920 ஏப்ரலில் நகர மையத்தில் பகல் நேரத்தில் கார் நிறுத்தத் தடை போட்டது. டிராம் வண்டிகள் நகர முடியாமல் தவித்ததே காரணம். தடை வந்ததும் கடைகளில் கூட்டம் குறைந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். கிளாரா கிம்பல் யங் என்ற திரைப்பட நடிகை முன்னின்று, கார் ஊர்வலமே நடந்தது. சில வாரங்களிலேயே நகரசபை இறங்கி வந்தது. மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் தடை, மற்ற பகல் நேரத்தில் இத்தனை நிமிடம் நிறுத்தலாம் என்று விதி மாறியது.

இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் இருந்த விதி கடுமையானது. ஆனால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சமரசத்துக்குப் பிறகு வந்த விதி நியாயமானது. ஆனால் அதைச் சொல்ல நேரம் வேண்டும், நிமிடம் வேண்டும். பிற்காலத்துப் போர்டுகள் எல்லாம் வளர்ந்ததும் இதே வழியில்தான். டிராம் கம்பெனி, கடைக்காரர், சரக்கு லாரிக்காரர், அங்கே குடியிருப்பவர், துப்புரவுத் துறை என்று ஒவ்வொருவருக்கும் தெருவோரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி. வரிகள் கூடக் கூட போர்டு நீண்டது.

பதில் சொன்ன இயந்திரம்

1935 ஜூலை 16 அன்று ஓக்லஹோமா நகரத்தில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வைக்கப்பட்டது. யோசனை கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியருடையது. கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். கடைத்தெருவில் வேலை செய்பவர்களே காலையில் காரை நிறுத்திவிட்டு மாலைவரை எடுக்காமல் இருந்தார்கள். வாடிக்கையாளருக்கு இடமில்லை. அதைச் சரிசெய்யத்தான் மீட்டர்.

மீட்டரைப் பொதுவாக வசூல் இயந்திரமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் அது ஓர் அறிவிப்பும் கூட. காசு போட்டதும், இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று முள் காட்டும். விதி என்ன, அதற்கு விலக்கு என்ன, யாருக்குப் பொருந்தும் என்றெல்லாம் படிக்க வேண்டாம். ஓட்டுநருக்கு வேண்டிய பதில் ஒன்றே ஒன்று: எதுவரைக்கும் இங்கே நிற்கலாம்? அந்தப் பதிலை மீட்டர் நேராகச் சொல்லிவிட்டது. போர்டு எழுதியவர்களுக்கு இந்தப் பாடம் எட்ட இன்னும் எண்பது வருடம் ஆயிற்று.

மீட்டர் வந்த அதே 1935இல்தான் அமெரிக்கா முழுமைக்குமான சாலைக் குறியீட்டுக் கையேடும் வந்தது. பல பதிப்புகள் கண்ட இந்தக் கையேட்டின் வழியாகத்தான், தடை என்றால் வெள்ளையில் சிவப்பு எழுத்து, நேர வரம்போடு அனுமதி என்றால் வெள்ளையில் பச்சை எழுத்து என்ற முறை அங்கே நிலைபெற்றது. ஒரு போர்டில் முதலில் விதி, அடுத்து மணி, அதற்கடுத்து கிழமை என்ற வரிசையையும் கையேடு பரிந்துரைத்தது. ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருப்பது நல்லதுதான். ஆனால் கையேடு ஒவ்வொரு போர்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தது. ஒரே கம்பத்தில் நான்கு போர்டு சேர்ந்தால் படிப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி அங்கே பெரிதாக எழவில்லை.

நியூயார்க்கின் மூன்று "கூடாது"கள்

1950இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் ஒரு புது விதி வந்தது. தெரு பெருக்கும் வண்டி நடைபாதை ஓரம்வரை வர வேண்டும் என்பதற்காக, சில நாள் தெருவின் ஒரு பக்கத்திலும் வேறு சில நாள் மறுபக்கத்திலும் காரை எடுத்துவிட வேண்டும். இன்றுவரை நியூயார்க்வாசிகளின் வாராந்திரத் தலைவலி இதுதான். இதற்கான போர்டில் ஒரு துடைப்பம் படம் இருக்கும். இந்தத் துடைப்பம் ஒரு நல்ல யோசனை. தடைக்குக் காரணம் என்ன என்பது படிக்காமலே புரிந்துவிடுகிறது.

ஆனால் இந்த விதிக்கு விடுமுறை உண்டு. பண்டிகை நாட்களில் தெரு பெருக்கும் தடை ரத்து. கிறிஸ்துமஸ், ஈத், யூதர்களின் பண்டிகைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. நம் தீபாவளியும் உண்டு! ஆனால் இந்தப் பட்டியல் போர்டில் இல்லை. நகராட்சி வெளியிடும் காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது நியூயார்க்கின் மூன்று சொற்கள். நோ பார்க்கிங், நோ ஸ்டாண்டிங், நோ ஸ்டாப்பிங். மூன்றும் ஒன்றல்ல. நோ பார்க்கிங் என்றால் ஆள் ஏற்றி இறக்கவும் சரக்கு ஏற்றி இறக்கவும் சற்று நிற்கலாம். நோ ஸ்டாண்டிங் என்றால் ஆள் ஏற்றி இறக்க மட்டும் நிற்கலாம், சரக்குக்குக் கூடாது. நோ ஸ்டாப்பிங் என்றால் எதற்கும் நிற்கக் கூடாது. சட்டம் படித்தவருக்கு இது நுட்பமான வேறுபாடு. வெளியூரிலிருந்து வந்தவருக்கு மூன்றும் ஒன்றுதான். அபராதச் சீட்டு வந்த பிறகுதான் வேறுபாடு தெரியும்.

போர்டே இல்லாத விதிகளும் இருக்கின்றன. தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் அங்கே போர்டும் இருக்காது, கோடும் இருக்காது. ஓட்டுநரே கண்ணால் அளந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் எங்கேயாவது ஒரு போர்டு இருந்தால் போதும், அதுவே போதுமான அறிவிப்பு என்கிறது நியூயார்க்கின் போக்குவரத்து விதி. அதாவது உங்கள் காருக்கு எதிரே போர்டு இல்லையே என்று வாதாட முடியாது. இறங்கி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. எழுதியவர் தெளிவாக எழுத வேண்டுமா, படிப்பவர் தேடிப் படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நியூயார்க் சட்டம் சொல்லும் பதில் இதுதான். படிப்பவர் பாடு!

கடல் கடந்தால் வேறு வழி

பிரிட்டன் இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. 1960 வாக்கில் அங்கேயும் போர்டுகள் ஆளுக்கொரு எழுத்து, இடத்துக்கொரு அளவு என்றுதான் இருந்தன. 1961இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற வடிவமைப்பாளர் லண்டனிலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் போகும் வழியில் இருந்த அறிவிப்புகளை எல்லாம் படம் பிடித்து ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். வேறு விளக்கமே தேவைப்படவில்லை. படங்களைப் பார்த்தாலே அலங்கோலம் புரிந்தது. அதே காலத்தில் அரசு அமைத்த வோர்பாய்ஸ் குழு 1963இல் அறிக்கை தந்தது. ஜாக் கின்னியரும் அவருடைய முன்னாள் மாணவி மார்கரெட் கால்வெர்ட்டும் வடிவமைத்த புதிய குறியீடுகள் 1965 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

பார்க்கிங் விஷயத்தில் பிரிட்டன் செய்த புத்திசாலித்தனம், விதியின் ஒரு பகுதியைப் போர்டிலிருந்து இறக்கித் தரையிலேயே எழுதியது. சாலை ஓரத்தில் இரட்டை மஞ்சள் கோடு என்றால் இன்று எந்நேரமும் நிறுத்தக் கூடாது. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் சில நேரம் மட்டும் தடை, அந்த நேரத்தைச் சிறு பலகையில் பார்க்க வேண்டும். ஆகவே இரட்டைக் கோட்டைப் பார்த்தவருக்குப் படிக்கும் வேலையே இல்லை. தடை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதையும் கோடே காட்டிவிடுகிறது. அமெரிக்கப் போர்டில் அம்புக்குறி போட்டுச் சொல்ல முயலும் விஷயம் இது.

சட்டமும் அங்கே வேறு. போக்குவரத்து ஆணைகளை நடைமுறைப்படுத்துவது பற்றிய 1996ஆம் ஆண்டு விதிகள், சாலையில் போவோருக்குப் போதுமான தகவல் கிடைக்கும்படி குறியீடுகள் வைக்கும் கடமையை உள்ளாட்சி நிர்வாகத்தின் மீது வைக்கின்றன. தகவல் போதாது என்று காட்டினால் அபராதத்தை எதிர்த்து முறையிடலாம்.

1968இல் வியன்னாவில் உருவான சர்வதேச ஒப்பந்தம் எழுத்தையே தவிர்க்கப் பார்த்தது. சிவப்பு விளிம்புள்ள நீல வட்டத்தில் ஒரு சிவப்புப் பட்டை குறுக்கே போனால் நிறுத்திவைக்கக் கூடாது. இரண்டு பட்டைகள் பெருக்கல் குறி போல வந்தால் நிற்கவே கூடாது. இந்தியச் சாலைகளிலும் இந்தக் குறிகளைப் பார்க்கலாம். மொழி தெரியாதவருக்கும் புரியும் என்பது இதன் பலம். ஆனால் நேரம், கிழமை, விலக்கு ஆகியவற்றை வட்டமும் பட்டையும் சொல்ல முடியாது. அதற்கு மறுபடியும் கீழே ஒரு துண்டுப் பலகை, அதில் எழுத்து. படம் "கூடாது" என்பதை நன்றாகச் சொல்லும். "எப்போது கூடாது" என்பதைச் சொல்லத் திணறும்.

எழுத்தைக் குறைத்த நியூயார்க்

2013 ஜனவரியில் நியூயார்க் மாநகரப் போக்குவரத்துத் துறை புதிய போர்டுகளை அறிவித்தது. அப்போது ஜேனட் சாடிக்-கான் துறையின் ஆணையர். நகரசபை உறுப்பினர் டேனியல் கரோட்னிக் இதற்காகக் குரல் கொடுத்து வந்தார். வடிவமைத்தது மைக்கேல் பீரூட் இருந்த பென்டகிராம் நிறுவனம். மன்ஹாட்டனின் வணிகப் பகுதிகளில் சுமார் 6,300 போர்டுகளை மாற்றுவது திட்டம்.

பழைய போர்டுகளின் தொகுப்பு சில இடங்களில் ஐந்தடி உயரம். ஏறக்குறைய 250 எழுத்துகள். புதியதில் சுமார் 140. மூன்று நிறம் இரண்டாகக் குறைந்தது. எல்லாமே பெரிய எழுத்தில் இருந்தது மாறி, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வந்தன. புரியாத சுருக்கெழுத்துகள் போயின. முக்கியமாக, மணிக்கு முன்னால் கிழமை வந்தது.

கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று செவ்வாய் என்றால், "சனிக்கிழமை" என்று தொடங்கும் வரியை முதல் சொல்லிலேயே தள்ளிவிடலாம். மணி முதலில் வந்தால், முழு வரியையும் படித்து முடித்த பிறகுதான் அது இன்றைக்கு இல்லை என்று தெரியும். ஒரு எழுத்தைக்கூடக் குறைக்காமல் வரிசையை மாற்றியே படிக்கும் வேலையைக் குறைக்க முடிந்தது.

பட்டியல் அட்டவணையானது

நியூயார்க் போர்டு சுருங்கியது. ஆனாலும் அது விதிகளின் பட்டியலாகத்தான் இருந்தது. பட்டியலையே தூக்கிப் போட்டவர் நிக்கி சிலியான்டெங் என்ற இளம் வடிவமைப்பாளர். லாஸ் ஏஞ்சலஸில் பார்க்கிங் அபராதம் கட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. ஓட்டுநர் கேட்பது இரண்டே கேள்வி என்று அவர் பிடித்துக்கொண்டார். இப்போது நிறுத்தலாமா? எதுவரைக்கும்?

அவர் வரைந்தது நம் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி ஒன்று. ஒரு பக்கம் கிழமை, இன்னொரு பக்கம் மணி. நிறுத்தலாம் என்ற நேரம் பச்சை, கூடாது என்ற நேரம் சிவப்பு. ஏன் கூடாது என்பது அதில் இல்லை. தெரு பெருக்குவதாலா, நெரிசலாலா, சரக்கு வண்டிக்காகவா என்பதெல்லாம் நிறுத்த வந்தவருக்கு அவசியமில்லை. முதலில் பார்த்த செவ்வாய்க்கிழமைக் கம்பத்தை இப்படி வரைந்தால், செவ்வாய் வரிசையில் காலை 7 முதல் 10:30 வரை ஒரே சிவப்புக் கட்டம். பிறகு இரவு 7 வரை பச்சை, அதில் ஒரு மணி நேர வரம்பு. அவ்வளவுதான். கூட்டிக் கழிக்கும் வேலையைப் போர்டு எழுதியவரே முடித்துவிட்டார்.

2014இல் அவர் இதை யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காமல் சோதித்துப் பார்த்தார். அச்சடித்து, லேமினேட் செய்து, நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் உண்மையான போர்டுகளுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார். கருத்து எழுத இடம் விட்டு, பேனாவும் வைத்தார். போகிறவர்கள் எழுதிய கருத்துகளிலிருந்து படத்தைத் திருத்திக்கொண்டே வந்தார். பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாதவர்களைப் பற்றிய கவலையும் அப்படித்தான் முன்னுக்கு வந்தது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்த நிறக்குறை உண்டு. அதனால் சிவப்புக் கட்டங்களில் சாய்வுக் கோடுகளும் சேர்ந்தன.

லாஸ் ஏஞ்சலஸ் நகரசபை உறுப்பினர் பால் க்ரெகோரியன் இந்த யோசனையை எடுத்துக்கொண்டார். 2015 ஏப்ரலில் அந்நகரத்தின் மையப் பகுதியில் சுமார் 100 அட்டவணைப் போர்டுகள் ஆறு மாதச் சோதனையாக வைக்கப்பட்டன. 1920இல் நேரவாரித் தடைக்கு வழிவிட்ட அதே நகர மையம்!

ஏன் எல்லா ஊரிலும் வரவில்லை?

இவ்வளவு நல்ல யோசனை என்றால் எல்லா இடத்திலும் ஏன் இல்லை? முதல் காரணம் சட்டம். அபராதம் போட வேண்டுமென்றால் போர்டு அங்கீகரிக்கப்பட்ட வடிவில் இருக்க வேண்டும். தேசியக் கையேட்டில் இல்லாத வடிவத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. பட்டியல் போர்டை ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்து வைக்கலாம். அட்டவணைப் போர்டு அப்படியல்ல. ஒவ்வொரு தெருவுக்கும் விதிகள் வேறு என்பதால் ஒவ்வொரு கம்பத்துக்கும் தனி அட்டவணை. ஒரு விதி மாறினால் ஒரு தகடு மாறினால் போதாது, முழுப் போர்டையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் ஆழமானது. எந்த வடிவமைப்பாளரும் விதியை மாற்ற முடியாது. ஒரே தெருவோரத்தில் ஏழு விதிகள் இருந்தால், மிக நல்ல போர்டும் ஏழு விதிகளைத்தான் சொல்லும். ஆனால் அட்டவணையாக வரைய உட்காரும்போது ஒரு நன்மை நடக்கிறது. சிவப்புக் கட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரப் பச்சை ஒன்று தனியாக நிற்பது அப்போதுதான் அதிகாரியின் கண்ணில் படும். அந்த அரை மணி நேரத்தால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி அப்போதுதான் வரும். பட்டியலில் அது ஒளிந்துகொள்ளும்.

1903இல் துண்டுப் பிரசுரத்தில் தொடங்கிய கதை இது. நடுவில் பல பத்தாண்டுகள், விதி எந்த வரிசையில் பிறந்ததோ அந்த வரிசையிலேயே கம்பத்தில் ஏறியது. புரியாவிட்டால் அபராதம் கட்டுபவர் ஓட்டுநர், எழுதியவர் அல்ல. அதனால் எழுதுபவருக்குத் தெளிவாக எழுத வேண்டிய அவசரம் இருக்கவில்லை. 2013இலும் 2015இலும் நடந்தவை அந்தச் சுமையைக் கொஞ்சமாவது எழுதுபவர் பக்கம் நகர்த்தின.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு நோ பார்க்கிங் போர்டைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எங்கிருந்து எதுவரை என்று சொல்கிறதா? எந்த நேரம் என்று சொல்கிறதா? காருக்கு மட்டுமா, பைக்குக்கும் சேர்த்தா? இதில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அந்த இடத்தில் வண்டியைப் பறிகொடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது.